எண்ணெய் வேண்டாம்

கட்டைவிரலில் தொடங்கிச் சுண்டுவிரலில் முடிக்கிறார். ஒவ்வொரு விரலையும் வெள்ளைத் தாளில் அழுத்தி எடுத்து, தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். தாளில் பளபளப்பாக ஏதாவது தெரிந்தால் மறுபடி சோப்பு, மறுபடி தண்ணீர், மறுபடி தாள். இத்தனையும் ஒரு ஆக்சிஜன் சிலிண்டரின் வால்வைத் தொடுவதற்கு முன்னால். கூடப் படிக்கும் பிள்ளைகள் சிலிண்டரைத் திறந்து, மூடி, நோட்டில் எழுதி, கேன்டீனுக்கும் போயிருப்பார்கள். இவர் இன்னும் இடதுகை மோதிர விரலில் இருப்பார். யாராவது வாசலிலிருந்து கூப்பிட்டால், "நீங்க போங்கப்பா. உங்களுக்கென்ன, பொறந்ததுலேருந்து சுத்தமான கை" என்று அனுப்பிவிடுவார்.

வகுப்பில் இருபத்திரண்டு பேர். இருபத்தொரு பேருக்கு வயது பதினெட்டு, பத்தொன்பது. இவருக்கு முப்பத்தேழு. மூச்சு சிகிச்சைப் படிப்பு, ஆஸ்பத்திரிக்குள்ளேயே வகுப்பு. முதல்நாள் எல்லோரும் பெயரையும் மார்க்கையும் சொல்லிக்கொண்டு வந்தபோது இவர் எழுந்து, "நான் பஞ்சர் கடை. மனுஷ மூச்சு தெரியாது, டயர் காத்து தெரியும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அன்றைக்கே பஞ்சர் அக்கா ஆகிவிட்டார். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது.

பதினாறு வயதில் அப்பாவின் கடையில் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி பார்க்கத் தொடங்கியவர். இருபது வருடத்தில் குமிழி தேவைப்படாத அளவுக்குத் தேறிவிட்டார். டியூபைக் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு சுற்றுச் சுற்றினால் ஓட்டை எங்கே என்று சொல்லிவிடுவார். இந்தக் கன்னம்தான் படிப்பில் சேர்ந்த இரண்டாம் மாதமே அவருக்கு ஆஸ்பத்திரியில் பெயர் வாங்கிக் கொடுத்தது. வென்டிலேட்டர் ஒன்று காற்று குறைகிறது, குறைகிறது என்று ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. இரண்டு நர்சுகளும் வகுப்பெடுக்கும் டியூட்டரும் இணைப்பு இணைப்பாகத் தடவிப் பார்த்தும் எதுவும் அகப்படவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர் குனிந்து, நோயாளியின் வாயிலிருந்து இயந்திரம்வரை குழாயோடு கன்னத்தை நகர்த்திக்கொண்டே போனார். நடுவில் தண்ணீர் சேரும் சின்னக் கிண்ணத்தில் மயிரிழை விரிசல். "காதை ஏமாத்தலாம் சிஸ்டர். கன்னத்தை ஏமாத்த முடியாது" என்றார். அதற்கப்புறம் எந்த வார்டில் எந்த இயந்திரம் அழுதாலும், பஞ்சர் அக்காவைக் கூப்பிடு என்பது வழக்கமாகிப் போனது. அக்காவுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. அதை அவரே இப்போது ஒப்புக்கொள்கிறார்.

படிக்க வந்ததற்குக் காரணம் அப்பாதான். நாற்பது வருடம் ரப்பர் தூளையும் புகையையும் இழுத்த நெஞ்சு போன வருடம் மக்கர் பண்ணிவிட்டது. ஆஸ்பத்திரியில் அப்பாவின் உதடு நீலம் பாரித்துக் கிடந்தபோது, டாக்டரும் இல்லாத நர்சும் இல்லாத ஒருவர் வந்து, முகமூடியை இறுக்கி, ஒரு குமிழைத் திருப்பி, மீட்டரைப் பார்த்து, மறுபடி ஒரு துளி திருப்பினார். பத்து நிமிடத்தில் உதடு பழைய நிறத்துக்கு வந்தது. மகளுக்கு அழுகையும் வந்தது, கூடவே ஒரு யோசனையும் வந்தது. காற்று, குழாய், வால்வு, மீட்டர். இது நம்ம வேலைதானே? லாரி ஓட்டும் கணவரிடம் போனில் சொன்னபோது அவர் நன்றாகச் சிரித்துவிட்டு, "அப்போ என் டயரை யாரு பாக்குறது?" என்று மட்டும் கேட்டார். அந்த வாரமே கடை ஷட்டர் இறங்கியது.

மாடியில் வீடு, கீழே பூட்டிய கடை. அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆளுயர சிலிண்டர். பத்து நாளுக்கு ஒருமுறை சப்ளைக் கடையிலிருந்து புதிது வந்து இறங்கும். மாட்டிவிடுகிறோம் என்று அவர்கள் சொன்னாலும் மகள் விட மாட்டார். ஸ்பேனர் பிடித்த கைக்கு முன்னால் இன்னொருத்தர் ஸ்பேனர் பிடிப்பதா? பழைய சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றி, புதியதில் மாட்டி, முறுக்கி, கன்னத்தை வைத்துப் பார்த்து, "சொட்டுக்கூட லீக் இல்லப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் காப்பி குடிப்பார். மாட்டுவதற்கு முன்னால், பையில் எப்போதும் வைத்திருக்கும் தைலடப்பி அளவுத் தகர டப்பாவைத் திறந்து, முறுக்கிப் பொருத்தும் மரையில் ஒரு சுற்று கிரீஸ் தடவுவார். இரும்பும் இரும்பும் உரசும் இடத்தில் கிரீஸ் தடவாமல் விடுவது அவர்கள் வீட்டில் பாவம்.

கடையில் ஒரு வழக்கம் இருந்தது. பஞ்சர் ஒட்டிய பிறகு, "செயினுக்கு எண்ணெய் விடட்டுமா?" என்று கேட்பார்கள். "வேண்டாம்" என்பார் வந்தவர். உடனே அப்பா, "இருக்கட்டும்" என்று சொல்லி நாலு சொட்டு விட்டுத்தான் வண்டியைக் கையில் கொடுப்பார். வேண்டாம் என்பது கூச்சத்தில் சொல்வது, இருக்கட்டும் என்பது பிரியத்தில் சொல்வது. மகள் வளர்ந்தது இந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில்தான்.

படிப்பின் முதல் வாரத்திலேயே சிலிண்டர் பாடம் நடந்து முடிந்துவிட்டது. அன்றைக்கு அப்பாவுக்கு முடியாமல் போய், அக்கா அதே ஆஸ்பத்திரியில் வேறொரு மாடியில் இருந்தார். முன்பெஞ்சுப் பெண் ஒருத்தியின் நோட்டை வாங்கி, வரி விடாமல் எழுதிக்கொண்டார். அந்தப் பெண் வேகவேகமாகக் கிறுக்கியிருந்த பக்கத்தில் நாலாவது வரி இரண்டே வார்த்தை: எண்ணெய் வேண்டாம். அக்கா அதையும் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார். வேண்டாம் என்றால் அவசியமில்லை என்று அர்த்தம். அவசியமில்லாவிட்டாலும் கொஞ்சம் தடவினால் நல்லதுதானே? இருக்கட்டும் என்று மனசு சொல்லிக்கொண்டது.

அதற்குப் பிறகு நாலு மாதம் ஓடியது.

அந்த நாளைப் பற்றி அவரிடம் கேட்டால் காலையிலிருந்துதான் தொடங்குவார். காலையில் புது சிலிண்டர் வந்தது. பழையதில் மதியம்வரை போதுமான அளவு இருந்தது. ஆனால் அப்பா மதியம் இரண்டு மணிக்கு மூக்குக் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்காருவார், நாலு மணிக்கு மறுபடி தானே திறந்து மாட்டிக்கொள்வார். அவருக்குச் சிரமம் வேண்டாமே என்று மகள் காலையிலேயே பழையதில் மிச்சமிருந்ததை விட்டுவிட்டுப் புதியதை மாட்டினார். மதியம்வரைக்கு, அவசரத்துக்கென்று வீட்டில் தனியாக இருந்த சின்ன சிலிண்டரை வைத்தார். புதியதைத் திறக்கவில்லை. வகுப்புக்கு நேரமாகிவிட்டது. ஆனால் கிரீஸ் தடவ மறக்கவில்லை. அவசரத்தில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாகவே தடவியிருந்தார்.

மதியம் செய்முறை வகுப்பு. டியூட்டருக்கு வயது இருபத்தாறு. அக்கா அவரை "சார்" என்பார், அவர் இவரை "அக்கா" என்பார். ரெகுலேட்டர் ஒன்று இறுகிக்கொண்டு மாட்ட மறுத்தது. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு தடவை முறுக்கிப் பார்த்துச் சிவந்த உள்ளங்கையை ஊதிக்கொண்டார்கள். "இப்படிக் குடுங்க" என்று அக்கா முன்னால் வந்து, பையிலிருந்து தகர டப்பாவை எடுத்து, ஒரு விரலில் கிரீஸைத் தொட்டு மரைக்குக் கொண்டுபோனார். டியூட்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். மெதுவாக அல்ல, எலும்பு நோகிற மாதிரி. நாலு மாதத்தில் அந்தப் பிள்ளை யாரையும் தொட்டுப் பேசியது கிடையாது. முகம் சுண்ணாம்பாகிவிட்டிருந்தது.

"என்ன சார், கொஞ்சூண்டுதானே" என்று அக்கா சிரித்தார்.

டியூட்டர் சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் பாய்ந்து வரும் இடத்தில் எண்ணெயோ கிரீஸோ இருந்தால் தீக்குச்சி தேவையில்லை, பொறி தேவையில்லை. திறந்த மாத்திரத்தில் தானே பற்றும். இரும்பே எரியும். பக்கத்தில் நிற்பவர் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வதற்கு நேரம் இருக்காது. "ஒவ்வொரு தடவையும் ஆகாதுக்கா. ஒரு தடவை ஆனா போதும்" என்றார்.

பிள்ளைகள் சொல்கிறார்கள்: அக்கா சிரிப்பை நிறுத்தினார். மணி என்ன என்று கேட்டார். மூன்றே கால் என்றார்கள். கையிலிருந்த தகர டப்பா தானாக விழுந்தது. அது உருண்டு பெஞ்சுக்கு அடியில் போய் நிற்கும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்கப்பா நாலு மணிக்குத் திறப்பாரு சார்" என்றார்.

அப்பாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. போன் அடித்தால் மூச்சு வாங்குகிறது என்று அவர் அதைச் சமையலறை டப்பாக்களுக்குப் பின்னால் வைத்துவிடுவார். கணவர் இரண்டு நாள் தூரத்தில் எங்கோ லாரியில் இருந்தார். பக்கத்து இஸ்திரிக் கடைக்காரியைக் கூப்பிடலாம். ஆனால் பன்னிரண்டு வருடமாக ஜன்னலிலிருந்து ஒரு சத்தம் கொடுத்தால் வந்து நிற்கிறவளின் நம்பரை யார் வாங்கி வைப்பார்கள்? ஸ்கூட்டர் சாவியைப் போட அக்காவால் முடியவில்லை. சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது. டியூட்டர் சாவியை வாங்கிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். தன் வண்டியில் அக்கா பின்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பாதி வழியில் வாயைத் திறந்து, "பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு சார்" என்றாராம். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியவில்லை. அதிர்ச்சியில் மூளை பழக்கமான வேலையைத் தேடிப் போயிருக்கும்.

மனசுக்குள் ஓடியது வேறு கணக்கு. இன்றைக்குக் காலையில் மாட்டியது பத்தொன்பதாவது சிலிண்டர். அப்படியானால் பதினெட்டு தடவை. பதினெட்டு தடவை தன் கையால் தடவி, தன் கையால் திறந்து, பக்கத்தில் கன்னத்தை வைத்து, அப்பாவிடம் லீக் இல்லை என்று சொல்லியிருக்கிறார். பதினெட்டு தடவையும் அந்தக் கட்டிலில் அப்பா படுத்திருந்தார்.

மாடிப்படி ஏறும்போது மணி நாலாக ஏழு நிமிடம். கதவு திறந்திருந்தது. அப்பா சிலிண்டருக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் வால்வுச் சாவி. மறு கையில், கடையிலிருந்து எப்போதோ மேலே வந்துவிட்ட நீண்ட மூக்கு எண்ணெய்க் குப்பி. வால்வு இறுகியிருந்ததால் கொஞ்ச நேரமாகத் திருப்பிப் பார்த்திருக்கிறார், அசையவில்லை. நாற்பது வருடம் செய்ததைத்தான் செய்தார். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "சீக்கிரம் வந்துட்டியா? ஒண்ணுமில்லம்மா, ரெண்டு சொட்டு விட்டிருக்கேன். இப்ப திரும்பிடும்" என்றார்.

மூச்சைப் பற்றி நாலு மாதம் படித்தவருக்கு அந்த நேரத்தில் மூச்சு வரவில்லை. வந்த மூச்சில் வாய்க்குப் பழகிய வார்த்தைதான் வந்தது.

"அப்பா, வேண்டாம்பா."

"இருக்கட்டும்மா" என்று பிரியமாகச் சொல்லிவிட்டு அப்பா சாவியை இறுக்கிப் பிடித்தார்.

"கூடாது!"

பிறந்ததிலிருந்து அப்பாவிடம் அவர் சொல்லாத வார்த்தை. இஸ்திரிக் கடையில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தம்மா வெளியே வந்து மேலே பார்த்தாராம், அவ்வளவு சத்தம். அப்பாவின் கை சாவியோடு அப்படியே நின்றது. மகள் பாய்ந்து வந்து, சாவியையும் குப்பியையும் பிடுங்கி, கிழவரை முக்காலியோடு சேர்த்துப் பின்னால் இழுத்தார். குப்பி சாய்ந்து தரையில் எண்ணெய் கோடு போட்டது. டியூட்டர் வாசலிலேயே நின்று, "துடைக்காதீங்க, தொடாதீங்க, அப்படியே விடுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சப்ளைக் கடை ஆட்கள் வந்து அதைத் திறக்காமலே தூக்கிக்கொண்டு போனார்கள். ரெகுலேட்டரையும் விட்டுவைக்கவில்லை. புதிதாக எல்லாம் வந்து அப்பா மூக்கில் குழாய் ஏற ஐந்தரை ஆகிவிட்டது.

கடைசியில் அப்பாதான், "ஒண்ணும் ஆகலையேம்மா" என்றார். ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனால் அதைக் கேட்டதும்தான் மகள் படியில் உட்கார்ந்து அழுதார். ஒன்றும் ஆகாததுதான் தாங்க முடியவில்லை என்கிறார். ஏதாவது சின்னதாக ஆகியிருந்தால் எப்போதோ கற்றுக்கொண்டிருப்பேனே, பதினெட்டு தடவை தடவியிருக்க மாட்டேனே என்று.

மறுநாள் டியூட்டரிடம் போய் என் பேரை அடித்துவிடுங்கள் என்றார். அந்தப் பையனும் இரவெல்லாம் தூங்கவில்லை போலிருக்கிறது. எல்லாம் தெரிந்த ஆள் என்று நினைத்து, முதல் வாரம் அந்த வகுப்புக்கு வராதவரை ஒரு வார்த்தை கேட்காமல் விட்டது என் தப்பு என்றார். பேரை அடிக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு மார்க்கர் பேனாவைக் கொடுத்தார். சிலிண்டர் அறைச் சுவரில் பழைய அறிவிப்பு ஒன்று ஒட்டியிருந்தது. வருடக்கணக்கில் எல்லோரும் பார்த்து, யாரும் படிக்காதது. அதிலும் "வேண்டாம்" என்றுதான் இருந்தது. அக்கா அதை அடித்துவிட்டு மேலே "கூடாது" என்று எழுதினார். நீங்கள் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனால் பார்க்கலாம், தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதியிருக்கிறது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவர் எந்த வால்வையும் தொடவில்லை; வீட்டில் சப்ளைக் கடை ஆள்தான் தினமும் வந்து திறந்துவிட்டுப் போனார். தொடப்போனால் கை கட்டையாகிவிடும். கன்னமும் அப்படியே. வார்டில் இயந்திரம் அழுது யாராவது கூப்பிட்டால், வேறு யாரையாவது பாருங்கள் என்று நகர்ந்துவிடுவார். செய்முறைத் தேர்வில் சிலிண்டர் முன்னால் நின்று, நேரம் முடியும்வரை நின்றுகொண்டே இருந்து, திரும்பி வந்துவிட்டார். அடுத்த தேர்வில் தவறினால் இந்த வருடம் போய்விடும். அப்போதுதான் இந்த வெள்ளைத் தாள் வந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தாள் சுத்தமாக இருக்கிறது என்று கண் சொன்னால் கை கொஞ்சம் கேட்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது தேர்வில் தாள்களுக்கே பாதி நேரம் போனது. தேறிவிட்டார். கைக்குத் தடவும் கிரீம், உதட்டுத் தைலம் எதுவும் இப்போது கிடையாது. விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. "இப்பத்தான் பஞ்சர் கடைக் கை மாதிரி இருக்கு" என்று பிள்ளைகள் கிண்டல் செய்தால் சிரிப்பார். ஆனால் சிரிப்பு முன்னைப்போல் நீளமில்லை.

வீட்டில் அப்பா சிலிண்டர் பக்கம் போவதில்லை. அந்தக் குப்பியையும் மகளுக்குச் சொல்லாமல் எங்கேயோ அப்புறப்படுத்திவிட்டார். யார் சொல்லியும் கேட்காத மனிதர், மகள் வகுப்பு முடிந்து வரும்வரை கட்டிலில் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். ரேகைக்குள் நாற்பது வருடக் கறுப்பு இறங்கிய கை. தாளில் எத்தனை தடவை துடைத்தாலும் தாள் வெள்ளையாகவே வருகிறது, கை கறுப்பாகவே இருக்கிறது. ஒருநாள், "அப்போ நான் திறக்கலாம்ல?" என்று கேட்டாராம். மகள் சோப்பை எடுத்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டார். அதற்கப்புறம் அவரும் கேட்கவில்லை.

டியூட்டர் இப்போது சீக்கிரம் விட்டுவிடுவதால் நான்கு மணிக்கே மகள் வந்துவிடுகிறார். கழுவுகிறார், துடைக்கிறார், தாளை ஜன்னலில் பிடித்துப் பார்க்கிறார். சிலிண்டரின் வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கிறார். திறக்கிறவரும் விலகித்தான் நிற்க வேண்டும் என்பது பாடம். அந்த வரியை நோட்டில் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறார், வகுப்பில் ஒருநாளும் அதை மீறியதில்லை. விலகி நிற்க அறையில் இடமும் இருக்கிறது, கதவுப் பக்கம். ஆனால் அவர் கட்டிலுக்கும் சிலிண்டருக்கும் நடுவிலிருக்கும் ஒன்றரை அடிக்குள் வந்து நிற்கிறார்.

"நீயும் அந்தாண்ட தள்ளி நில்லும்மா" என்கிறார் அப்பா. "அங்க வேண்டாம்."

"இருக்கட்டும்பா" என்று சொல்லிவிட்டு, முதுகால் அப்பாவை முழுக்க மறைத்துக்கொண்டு, சாவியைக் கால் சுற்று திருப்புகிறார்.